81 வயது அம்மாவின் சிஆர்பி: 286-லிருந்து 22 வரை

ஐசியூ வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று கேட்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு சிஆர்பி (உடம்பில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) எவ்வளவு என்று கேட்கிறார்கள். இந்த அம்மாவின் மகன் அதற்கும் ஒரு படி மேலே. வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைய எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். காலை ரவுண்ட்ஸ் முடிந்து நான் வெளியே வந்ததும் முதல் கேள்வி: "இன்னைக்கு எத்தனை டாக்டர்?"

அந்தத் தாள்களைச் சுற்றித்தான் இந்த நிகழ்வைச் சொல்லப் போகிறேன். குடும்பத்தார் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முந்தைய நாள்

வயது 81. டெல்டா பக்கத்துக் கிராமம். எடை 46 கிலோ. இருபது வருடமாகச் சர்க்கரை, அதோடு ரத்தக் கொதிப்பு. தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்வார். கடை, பாங்க் எல்லாம் மகன். வாசலில் கோலம் போடுவதைப் போன வருடம்தான் மருமகளிடம் விட்டாராம், குனிந்தால் நிமிர முடியவில்லை என்று. இந்தக் கோல விஷயத்தை நான் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தேன். முதியவர் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிடும் ஓர் அளவுகோல் உண்டு. கனடாவின் ராக்வுட் குழு 2005-ல் ஏழு படிகளோடு கொண்டுவந்து, பிறகு ஒன்பதாக்கியது. அதில் இவர் ஐந்து. அதாவது லேசான தளர்ச்சி. வீட்டுக்குள் சமாளிப்பார், வெளி வேலைக்கு ஆள் வேண்டும்.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு மாதிரியா பேசுறாங்க" என்று மருமகள் சொன்னார். என்ன மாதிரி என்று கேட்டால், மருமகளை, இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். காய்ச்சல் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். உடல் வெப்பம் 98.2. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 9,800. சிஆர்பி 18.4. "கொஞ்சம்தான் கூட இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த லேப் ரிப்போர்ட்டை மறுநாள் இரவு நான் கையில் வாங்கிப் பார்த்தேன். 18.4-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அலகு: டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) மில்லிகிராம். அதற்கும் பக்கத்தில் இயல்பு அளவு: 0.6-க்குக் கீழ். நம்மில் பெரும்பாலோர் மனதில் வைத்திருப்பது லிட்டர் கணக்கு. பத்துக்குக் கீழே இருந்தால் சரி, அதற்கு மேல் போனால் யோசி. லிட்டர் கணக்கில் அந்த அம்மாவின் சிஆர்பி 184. இயல்பைவிட முப்பது மடங்கு. அதை 18 என்று படித்ததில் ஒரு நாள் போய்விட்டது.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே ஒருமுறை இதே குழியில் விழப் பார்த்தவன். ஒரு சிஸ்டர்தான் "சார், யூனிட்டைப் பாருங்க" என்று நிறுத்தினார். ஆனால் அலகு தெரிந்திருந்தாலும் இந்தக் கேஸ் சுலபமாகப் பிடிபட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சல் இல்லை, வெள்ளையணு எண்ணிக்கை இயல்பு, இருமல் இல்லை, வயிற்று வலி இல்லை. கடுமையான தொற்று வந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதற்கு மேலும் உடம்பு சுடுவதே இல்லை. பேச்சு மாறுவது, சாப்பாடு இறங்காமல் போவது, காரணமில்லாமல் கீழே விழுவது, இவைதான் அவர்களுடைய காய்ச்சல்.

சேர்ந்த இரவு

வரும்போது கூப்பிட்டால் கண் திறப்பார், பதில் குழறும். வெப்பம் 97.4. ரத்த அழுத்தம் 84/46, நாடி 118, மூச்சு நிமிடத்துக்கு 30. கை கால் ஜில்லென்று இருந்தது. முழங்காலில் தோல் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. இதை நான் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் வைப்பேன். முழங்கால் திட்டைப் பார்க்க லேபும் வேண்டாம், காசும் வேண்டாம்.

திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 4.6. சிறுநீரகம் பழுதானால் ஏறும் கிரியாட்டினின் 3.1, ஆறு மாதத்துக்கு முன் 1.1 இருந்தது. தட்டணு 92,000. கல்லீரல் செய்யும் ரத்தப் புரதமான அல்புமின் 2.4. சர்க்கரை 312. வெள்ளையணு 11,200, அதில் நியூட்ரோஃபில் 91 சதவீதம், லிம்ஃபோசைட் வெறும் 4. சிஆர்பி லிட்டருக்கு 286 மில்லிகிராம். புரோகால்சிடோனின் மில்லிலிட்டருக்கு 68 நானோகிராம். பாக்டீரியாத் தொற்றில் ஏறும், உடம்பு நன்றாக இருக்கும்போது 0.1-ஐக்கூடத் தொடாத பொருள் அது.

அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. சிடி எடுத்தால் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 8 மில்லிமீட்டர் கல். கல்லுக்கு மேலே தேங்கிய சிறுநீர் சீழாகியிருக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் போட்டோம். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் நார்அட்ரினலின் ஓட ஆரம்பித்து நடுராத்திரிக்குள் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் வரை ஏறியது. ஹைட்ரோகார்டிசோன் சேர்த்தோம். இந்த ஸ்டீராய்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். உறுப்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று பார்க்கும் சோஃபா மதிப்பெண் முதல் 24 மணி நேரத்தில் 13. இரண்டு புள்ளி ஏறினாலே கவலைப்பட வேண்டும் என்பது 2016-ல் செப்சிஸுக்கு, அதாவது தொற்றினால் உறுப்புகளே பழுதாகும் நிலைக்கு, கொடுத்த புது வரையறை.

மயக்க மருந்து கொடுத்துக் கல்லைத் தாண்டி உள்வழியாக ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்கும் நிலையில் அவர் இல்லை. ரேடியாலஜி டாக்டர் படுக்கைப் பக்கத்திலேயே, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாயை நுழைத்தார். பையில் முதலில் விழுந்தது கலங்கிய மோர் மாதிரி இருந்தது. அந்த வாடையை இங்கே எழுதப் போவதில்லை. நாற்பது மில்லி வடிந்த பிறகு மஞ்சள் தெளிய ஆரம்பித்தது. அப்போது மணி இரண்டே கால்.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது அந்தக் குழாய். மெரோபெனெம் அதற்குத் துணை. சிஆர்பியும் புரோகால்சிடோனினும் ஓர் உறுப்பையும் சரிசெய்யவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இனிமேல் வருவது முழுக்க எண்களாக இருக்கப் போவதால்.

சீழிலும் ரத்தத்திலும் இ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்தது. நம்மூரில் இன்று சாதாரணமாகிவிட்ட, செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மடங்காத வகை. மெரோபெனெமுக்குக் கேட்டது.

முதல் தாள், இரண்டாம் தாள்

மகன் முதல் தாளில் 286 என்று எழுதினார். மறுநாள் 312. முகம் வெளுத்துவிட்டது. "குழாய் போட்டு, இவ்ளோ மருந்து ஏத்தியும் கூடுதே டாக்டர்?"

கூடத்தான் செய்யும். சிஆர்பி கல்லீரலில் உற்பத்தியாவது. எங்கோ தொற்று என்றதும் வெள்ளையணுக்கள் இன்டர்லூகின்-6 என்ற தூதை அனுப்பும். அது வந்து சேர்ந்த பிறகுதான் கல்லீரல் வேலையைத் தொடங்கும். ரத்தத்தில் ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம், உச்சிக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு நாள். இன்று காலை பார்க்கும் சிஆர்பி, நேற்று ராத்திரி குழாய் போடுவதற்கு முன் கிளம்பிய தூதுக்கான பதில். தபாலில் வரும் கடிதம் மாதிரி என்று சொன்னேன். அவர் போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்துவிட்டார்.

அன்று நான் பார்த்தது வேறு. லாக்டேட் 4.6-லிருந்து 2.9-க்கு வந்திருந்தது. நார்அட்ரினலின் பாதியாகக் குறைந்திருந்தது. முழங்கால் திட்டு மங்கியிருந்தது. மணிக்கு முப்பது மில்லி சிறுநீர். சிஆர்பி மட்டும் ஊரோடு ஒட்டாமல் தனியாக ஏறிக்கொண்டிருந்தது.

இந்தப் பொருளைக் கண்டுபிடித்து நூறு வருடம் ஆகப் போகிறது. 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரை நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து எடுத்த 'சி' என்ற பொருளோடு கலந்தபோது அது திரிந்தது. நோய் தெளிந்தவர்களின் ரத்தநீரில் திரியவில்லை. சி-யோடு வினைபுரியும் புரதம் என்ற பெயர் பிற்பாடு வந்தது. ஆக, கண்டுபிடித்த அன்றே அது ஒரு தொடர்ச்சிக் கதை. ஒருவர் ரத்தத்தில் ஒரு நாள் இருந்தது, பிறகு இல்லாமல் போனது. ஒற்றை எண்ணாக அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது நாம் பிற்பாடு கற்றுக்கொண்ட பழக்கம்.

இதே வாரத்தில் பக்கத்துப் படுக்கையில் 34 வயது விவசாயி ஒருவர் இருந்தார். பூச்சிக் கடியில் தொற்றும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புத் தழும்பு. அவருடைய சிஆர்பி வந்த அன்று 301. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போட்டு ஆறாம் நாள் சொந்தக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார். ஏறத்தாழ அதே எண், இரண்டு உடம்பு. வந்த அன்றைய சிஆர்பியை வைத்து யார் பிழைப்பார் என்று ஜோசியம் சொல்ல முடியாது என்பதற்கு எனக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது.

இறங்கிய நாட்கள்

புரோகால்சிடோனின் கதை வேறு. சாதாரண நாட்களில் இது தைராய்டுக்குள்ளேயே கால்சிடோனின் ஹார்மோனாக மாறிவிடும், ரத்தத்துக்கு வராது. பாக்டீரியா ரத்தத்தில் பரவும்போது உடம்பின் பல திசுக்களும் இதைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. 1993-ல் பிரெஞ்சுக் குழு ஒன்று கடும் தொற்று வந்த குழந்தைகளிடம் இதைக் கவனித்து எழுதியது. ரத்தத்தில் இதன் அரைவாழ்வு சுமார் ஒரு நாள். சுரப்பு நின்றுவிட்டால் தினமும் பாதியாக வேண்டும். கணக்குப் போட வசதியான சரக்கு. விலைதான் கொஞ்சம் இடிக்கும். சிஆர்பி சில நூறு ரூபாயில் முடிந்தால், இது ஒருமுறை பார்க்கவே பெரும்பாலான ஊர்களில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல்.

அந்த அம்மாவுக்கு இரண்டாம் நாள் 94-ஐத் தொட்டது. பிறகு 51, 24, 11. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது கொஞ்சம் மெதுவாகவே இறங்கும் என்றுதான் எதிர்பார்த்தேன், ஆனால் பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி பாதி பாதியாக இறங்கியது. சேர்ந்த அன்று 68, ஐந்தாம் நாள் 11. 84 சதவீதச் சரிவு.

இந்தச் சதவீதத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் நான்கு நாளில் புரோகால்சிடோனின் 80 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்து. அப்படி இறங்காதவர்களில் இருபது. இரு மடங்கு. ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இறங்காதவர்களிலும் எண்பது பேர் பிழைத்திருக்கிறார்கள். வாசலில் நிற்பவரிடம் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அவர் தாளில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

சிஆர்பியும் இறங்கியது: 268, 201, 138. இதன் அரைவாழ்வு 19 மணி நேரம். கல்லீரல் உற்பத்தியை அடியோடு நிறுத்தியிருந்தால் இதைவிட வேகமாகச் சரிந்திருக்கும். ஆலை இன்னும் ஓடுகிறது, ஆனால் ஷிஃப்ட் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் புரோகால்சிடோனின் 3.1, சிஆர்பி 84. நார்அட்ரினலின் நிறுத்தி மூன்று நாள் ஆகிவிட்டது. கிரியாட்டினின் 1.6. மெரோபெனெமை நிறுத்தினேன். இதற்குத் துணிச்சல் கொடுத்தது 2016-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு: உச்சியிலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5-க்கு வந்தாலோ ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மருந்து நாட்கள் குறைந்தன, இறப்பும் கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்தது. பிரிட்டனில் 2,760 பேரை வைத்து 2024-ல் வந்த பெரிய ஆய்விலும் புரோகால்சிடோனினைப் பார்த்து நிறுத்தியபோது மருந்து நாட்கள் சுமார் ஒரு நாள் குறைந்தன. சிஆர்பியைப் பார்த்து நிறுத்தியவர்களிடம் அப்படிக் குறையவில்லை. தொடங்குவதற்கு இந்த எண் உதவாது, நிறுத்துவதற்கு உதவும். என் அனுபவமும் அதுதான்.

இடையில் மகன் ஒரு கேள்வி கேட்டார்: "சிஆர்பியை நேரா குறைக்க ஊசி இருக்காமே?" இருக்கிறது. கொரோனாவில் போட்ட டோசிலிசுமாப், இன்டர்லூகின்-6-ன் வாசலை அடைத்துவிடும். தூது போகாததால் கல்லீரல் சும்மா இருக்கும், சிஆர்பி விழும். உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் விழும். அன்று அந்த ஊசி போட்டவர்களுக்குச் சிஆர்பி பார்த்து நிம்மதியடைந்து, பிறகு வேறு தொற்றில் கோட்டைவிட்டதை ஐசியூவில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். செப்சிஸில் அழற்சித் தூதுகளை அடக்கிப் பார்க்கும் மருந்துகள் 1990-களிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைக்கு வந்து தோற்றுப்போயிருக்கின்றன. புகை வருகிறதே என்று புகைபோக்கியை அடைப்பது போல.

ஏறாத எண்

எல்லாரும் இறங்கும் எண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். ஏற வேண்டிய ஓர் எண் ஏறவில்லை. மகன் தாளில் அது இல்லை, ஏனென்றால் நான் அவரிடம் சொல்லவில்லை.

லிம்ஃபோசைட். சேர்ந்த அன்று 11,200-ல் 4 சதவீதம், அதாவது 448. மூன்றாம் நாள் 390. ஐந்தாம் நாள் 520. ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். இதற்காகத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டாம், தனியாகக் காசும் இல்லை. தினமும் எடுக்கும் சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. நாம்தான் மொத்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்து வரும் விகிதத்தை ஐசியூவில் கவனிக்கலாம் என்று 2001-ல் ஸ்லோவாக்கியாவின் ஸஹோரெட்ஸ் எழுதினார். நல்ல உடம்பில் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். இந்த அம்மாவுக்கு 23. விகிதம் ஏற ஏற ஆபத்து என்று ஏகப்பட்ட கட்டுரைகள் வந்துவிட்டன, முதியவர்களுக்கென்றே தனியாகவும். எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. ஒன்று, ஸ்டீராய்டு. ஹைட்ரோகார்டிசோன் போட்டால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும். விகிதம் நாம் ஏற்றிவிட்டதாகவும் இருக்கலாம். இன்னொன்று, 2015-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில், செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் விழும் செப்டிக் அதிர்ச்சியில் முதல் சில நாட்களிலேயே இறந்தவர்களுக்கு இந்த விகிதம் குறைவாக இருந்தது. எலும்பு மஜ்ஜை கையை விரித்துவிட்டால் நியூட்ரோஃபிலே வராது அல்லவா. பின்னால் இறந்தவர்களுக்குத்தான் ஏறிக்கொண்டே போனது. கூடினாலும் மோசம், குறைந்தாலும் மோசம் என்றால் அதை ஒரு கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

ஆனால் லிம்ஃபோசைட் மட்டும் தனியாக, நான்காம் நாளும் எழும்பாமல் கிடந்தால் நான் பயப்படுவேன். ஸ்டீராய்டை நான்காம் நாளே நிறுத்தியாயிற்று. ஐந்தாம் நாள் 520-க்கு இனி அதன்மேல் பழி போட முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து 2014-ல் வந்த ஆய்வு ஒன்று, ரத்தத்தில் பாக்டீரியா பரவிய நோயாளிகளில் நான்காம் நாள் லிம்ஃபோசைட் 600-க்குள்ளேயே நின்றவர்களுக்கு இரண்டாவது தொற்று வருவது அதிகம் என்று காட்டியது. செப்சிஸில் இந்த அணுக்கள் தாமாகவே கூட்டங்கூட்டமாக மடிகின்றன. இளைஞருக்கு மறுபடி உற்பத்தியாகும். இந்த அணுக்கள் தேறிவரும் இடமான தைமஸ் சுரப்பி முதியவருக்கு எப்போதோ கொழுப்பாக மாறிவிட்டது. புதுப் பட்டாளம் வர இடமில்லை. இருக்கிற பட்டாளமும் பழைய சண்டைகளில் தேர்ந்ததே தவிரப் புது எதிரியைத் தெரியாது. அதோடு வயதான உடம்பில் எப்போதும் ஒரு கங்கு கனன்றுகொண்டே இருக்கிறது. இத்தாலியின் ஃபிரான்செஸ்கி 2000-ல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். முதுமையையும் அழற்சியையும் ஒட்டவைத்த சொல் அது. தீ சீக்கிரம் பற்றும், அணைக்க ஆளிருக்காது.

அல்புமினும் அப்படித்தான். 2.4-ல் வந்தவர் ஏழாம் நாள் 1.9. கல்லீரல் சிஆர்பி செய்வதில் மும்முரமாக இருக்கும்போது அல்புமினைத் தள்ளிப்போடும். இருப்பதும் ரத்தக்குழாயிலிருந்து கசிந்து கையும் காலும் வீங்கும். சிஆர்பியை அல்புமினால் வகுத்துப் பார்த்தால் 90 நாள் இறப்பைக் கணிக்க உதவுகிறது என்று பிரேசிலிலிருந்து 2013-ல் எழுதினார்கள். ஒரு நோயாளிக்கு அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன். ஆனால் மேலே எவ்வளவு தீ, கீழே எவ்வளவு கையிருப்பு என்று இரண்டையும் ஒன்றாக நிறுத்துவதால் அந்த வகுத்தல் எனக்குப் பிடிக்கும்.

ஒன்பதாம் நாள்

எட்டாம் நாள் சாயங்காலம் மருமகள் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தார். அந்த அம்மா நாலு ஸ்பூன் குடித்தார், ஐந்தாவதுக்கு லேசாகச் செருமினார். "பாட்டி தண்ணி குடிச்சாலும் தொண்டையைக் கனைக்குறாங்க" என்று நைட் சிஸ்டர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். காலையில் நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுக் கடந்துபோனேன். இந்தக் கேஸில் நான் வருத்தப்படும் இடம் இது.

அன்று காலை சிஆர்பி 79-லிருந்து 118. காய்ச்சல் இல்லை. மூச்சு கொஞ்சம் வேகம், 24. போர்வை நுனியை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தார். புரோகால்சிடோனின் 1.6, அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் சரி, இறங்கித்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஏழாம் நாள் 3.1, எட்டாம் நாள் 1.9 என்றால் ஒன்பதாம் நாள் ஒன்றுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்தாம் நாள் 1.9-க்குத் திரும்பியது, சிஆர்பி 171. எக்ஸ்ரேயில் வலது கீழ் நுரையீரலில் புகைப்படலம். கஞ்சியோ எச்சிலோ புரையேறி இறங்கியிருக்கிறது. சளியில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா.

ஒரே இடத்தில் அடங்கிய நிமோனியாவுக்குப் புரோகால்சிடோனின் பெரிதாகத் துள்ளாது. முதல் தொற்று ரத்தம் முழுக்கப் பரவியது, 94 வரை போனது. இரண்டாவது ஒரு மூலையில் கிடந்தது, 2-ஐக்கூடத் தாண்டவில்லை. அந்த அம்மாவைப் படுக்கையில் சாய்த்தது இரண்டாவதுதான். முதல் தடவை எமன் வாசல்வரை போய்த் திரும்பியவர் ஏழாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். நிமோனியாவுக்குப் பிறகு ஒரு நாளும் தானாக உட்காரவில்லை.

மெரோபெனெமை ஏழாம் நாள் நிறுத்தாமல் இருந்திருந்தால் வந்திருக்காதோ என்று என் ஜூனியர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கிருமி மெரோபெனெமுக்குக் கேட்டது என்பதால் கொஞ்ச நாள் தள்ளிப்போயிருக்கலாம். ஆனால் புரையேறுவது நிற்காது. அடுத்து வந்திருப்பது எந்த மருந்துக்கும் கேட்காத கிருமியாக இருந்திருக்கும். நிறுத்தியது தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். விழுங்கப் பார்க்காமல் கஞ்சி கொடுக்க விட்டதுதான் தப்பு. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துத் தொண்டையில் கை வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

மருந்து மறுபடி தொடங்கினோம், மூக்கு வழியாகக் குழாய் வைத்தோம், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம். சிஆர்பி இரண்டாம் தடவை இறங்கியது, இந்த முறை அவசரமே இல்லாமல்: 171, 150, 127, 96, 70. பதினைந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினோம். லிம்ஃபோசைட் 610.

வீட்டுக்கு

இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். சிஆர்பி 22, லிம்ஃபோசைட் 740, அல்புமின் 2.3. முதுகுக் குழாயை எடுத்துவிட்டு உள்ளே ஸ்டென்ட் வைத்திருந்தோம். கல்லை இரண்டு மாதம் கழித்து எடுக்கலாம் என்று திட்டம். மூக்குக் குழாயை எடுத்தாயிற்று, குழையப் பிசைந்து கொடுத்தால் விழுங்கினார். தளர்ச்சி அளவு வரும்போது ஐந்து, போகும்போது ஏழு: எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும்.

வாசலில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "286-ல வந்தவங்க, 22-ல கூட்டிட்டுப் போறேன் டாக்டர்." கணக்கு சரிதான். நான் அவரிடம் இன்னொரு கணக்கையும் சொல்லியிருக்க வேண்டும். 80 வயதுக்கு மேல் ஐசியூவுக்கு வந்த 3,920 பேரை ஐரோப்பாவில் 22 நாடுகளில் பின்தொடர்ந்து 2020-ல் எழுதினார்கள். 30 நாளுக்குள் நூற்றுக்குச் சுமார் 39 பேர் போய்விட்டார்கள். யார் போனார்கள் என்பதைக் கணிக்க உறுப்புகளின் பழுதும் வருவதற்கு முன்பிருந்த தளர்ச்சியும்தான் பெரிதாக உதவின. கோலத்தை எப்போது விட்டார் என்ற கேள்வி அது. சிஆர்பி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சிஆர்பிக்குத் தெரிந்ததெல்லாம் இன்று எரிகிறதா இல்லையா என்பது மட்டும்.

அவரிடம் அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "சத்தா சாப்பிட வைங்க, தினமும் ரெண்டு வேளை புடிச்சு உக்கார வைங்க, பிசியோதெரபியை விட்டுடாதீங்க."

எழுபத்தோராம் நாள் வீட்டில், தூக்கத்திலேயே இறந்துபோனார். 28 நாள் கணக்கு வைக்கும் ஆய்வில் இவர் பிழைத்தவர். 90 நாள் கணக்கு வைத்தால் இறந்தவர். இரண்டு அட்டவணையிலும் சிஆர்பி ஒன்றேதான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கேஸ் காகிதங்கள் வாங்க மகன் வந்தார். சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, உங்களிடம் இருக்கட்டும் என்றார். புரட்டிப் பார்த்தேன். 286, 312, 268 என்று போய் 22-ல் ஆஸ்பத்திரித் தாள்கள் முடிந்தன. கட்டு முடியவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் தினமும் கிழித்து எழுதியிருக்கிறார். காலையில் அம்மா எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று.

முதல் தாளில் இரண்டு. ஒரு வாரம் இரண்டுதான். பிறகு ஒன்றரை, ஒன்றரை, ஒன்று. நடுவில் ஒருநாள் இரண்டு என்று எழுதிப் பெரிதாகச் சுழித்திருந்தார். அப்புறம் ஒன்று, ஒன்று, முக்கால், அரை.